கொசுவின் வயிற்றில் கிடைத்த விடை

கார்த்திகை மாதம். திருவண்ணாமலையில் தீபத் திருவிழா. 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் தீபம் எரிகிறது. லட்சக்கணக்கான ஜனங்கள் 14 கிலோமீட்டர் நடந்து மலையை வலம் வருகிறார்கள். எத்தனையோ ஊர்க்காரர்கள். எத்தனையோ மாநிலத்தவர்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர். வெளி மாநிலத்தில் கட்டிட வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர் என்று வைத்துக்கொள்வோம். திடீரென்று அவர் உடம்பு நடுங்குகிறது. கம்பளி போர்த்தினாலும் குளிர் போகவில்லை. பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்கின்றன. சிறிது நேரத்தில் உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிறது. பிறகு வியர்த்துக் கொட்டுகிறது. மறுநாள் ஒன்றும் இல்லை. எழுந்து நடமாடுகிறார். அதற்கு அடுத்த நாள் மறுபடியும் அதே நடுக்கம்!

இது என்ன காய்ச்சல்?

டைபாய்டா? டெங்குவா? மலேரியாவா? முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கையைப் பிடித்துப் பார்த்தும் சொல்ல முடியாது. ரத்தத்தைத்தான் கேட்க வேண்டும்.

இன்று அதற்கு ஒரு சிறிய அட்டை இருக்கிறது. விரல் நுனியில் ஊசியால் ஒரு குத்து. ஒரு சொட்டு ரத்தம். அதை அட்டையில் விட வேண்டும். அதன்மேல் சில சொட்டு மருந்து நீர். 15 முதல் 20 நிமிடம் காத்திருந்தால் போதும். அட்டையில் கோடு தெரியும். மலேரியா உண்டா, இல்லையா என்பது தெரிந்துவிடும்.

ஒரு சொட்டு ரத்தத்துக்கும் ஒரு கொசுவுக்கும் என்ன சம்பந்தம் என்பது ஒரு காலத்தில் உலகில் யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடித்தவர் நம் நாட்டில் பிறந்தவர். நம் சென்னை ராஜதானியில் உத்தியோகம் பார்த்தவர். ஊட்டி மலையடிவாரத்தில் தாமே அந்தக் காய்ச்சலில் விழுந்தவர்.

அவர் பெயர் ரொனால்டு ராஸ்.

கவிஞராக விரும்பிய சிறுவன்

1857ஆம் ஆண்டு மே 10ஆம் தேதி மீரட் நகரில் சிப்பாய்கள் வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்துக் கிளம்பினார்கள். மூன்று நாள் கழித்து, மே 13ஆம் தேதி, இமயமலைச் சாரலில் உள்ள அல்மோரா என்ற ஊரில் ராஸ் பிறந்தார். தகப்பனார் வெள்ளைக்காரப் பட்டாளத்தில் அதிகாரி. பின்னால் ஜெனரல் ஆனவர். அவருக்குப் பத்துக் குழந்தைகள். மூத்தவர் ராஸ்.

எட்டு வயதில் ராஸ் கப்பல் ஏறினார். இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்தார். பையனுக்குப் பாட்டு எழுதப் பிடிக்கும். சங்கீதம் பிடிக்கும். சித்திரம் நன்றாக வரைவார். கணக்கு என்றால் உயிர். பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். அது வைத்தியம்!

தகப்பனாருக்கோ மகன் டாக்டராகி இந்தியாவில் உத்தியோகம் பார்க்க வேண்டும் என்று ஆசை. தகப்பனார் சொல்லைத் தட்ட முடியவில்லை. லண்டனில் செயிண்ட் பார்த்தலோமியூ ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். படிப்பில் மனம் ஒட்டவில்லை. இரண்டு தேர்வு எழுதினார். ஒன்றில் தேறினார். ஒன்றில் தோற்றார். பிழைப்புக்காகக் கப்பல் டாக்டராக வேலை பார்த்தார். பிறகு மறுபடியும் படித்துத் தேறி, 1881ஆம் ஆண்டு இந்திய வைத்திய சேவையில் சேர்ந்தார்.

அவரை அனுப்பிய இடம் சென்னை ராஜதானி.

அப்போது அவருக்கு 24 வயது. ஆஸ்பத்திரி வேலை காலையிலேயே முடிந்துவிடும். மிச்ச நேரத்தில் குதிரை சவாரி போவார். டென்னிஸ் ஆடுவார். கவிதையும் நாவலும் எழுதுவார். கணக்குப் புத்தகங்களைப் புரட்டுவார். பெங்களூர், பர்மா, அந்தமான் என்று ஊர் ஊராக மாறினார். இவர் பெரிய விஞ்ஞானி ஆவார் என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

தண்ணீர்த் தொட்டி

ஆனால் ஒரு சின்னச் சம்பவம் நடந்தது. 1883ஆம் ஆண்டு. ராஸ் பெங்களூரில் இருந்தார். அவர் தங்கிய வீட்டில் கொசுத் தொல்லை தாங்க முடியவில்லை. மற்ற வீடுகளைவிட இங்கே மட்டும் ஏன் இவ்வளவு கொசு?

சுற்றிப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி. அதற்குள் புழுக்கள் நெளிந்தன. அவை கொசுவின் குஞ்சுகள். தொட்டியைக் கவிழ்க்கச் சொன்னார். கொசு வெகுவாகக் குறைந்தது.

சந்தோஷத்தோடு பட்டாள அதிகாரி ஒருவரிடம் போய்ச் சொன்னார். மற்றத் தொட்டிகளையும் கவிழ்க்கலாமே என்றார். அந்த அதிகாரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ராஸும் விட்டுவிட்டார். கொசு ஒரு தொல்லை என்றுதான் அவரும் அப்போது நினைத்தார். அது ஒரு எமன் என்று அவருக்கும் தெரியாது.

கெட்ட காற்று

மலேரியா என்ற சொல்லுக்கு இத்தாலி மொழியில் கெட்ட காற்று என்று பொருள். சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றை மூச்சில் இழுப்பதால்தான் இந்தக் காய்ச்சல் வருகிறது என்று ஜனங்கள் நம்பினார்கள். டாக்டர்களும் அப்படியே நம்பினார்கள். நம் நாட்டில் இதை முறைக்காய்ச்சல் என்றார்கள். முறை வைத்துக்கொண்டு வருவதால் அந்தப் பெயர். மருந்து ஒன்றுதான். சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கும் கொய்னா. வாயில் போட்டால் குடலையே புரட்டும் கசப்பு!

1880ஆம் ஆண்டு வட ஆப்பிரிக்காவில் உள்ள அல்ஜீரியாவில் லாவரன் என்ற பிரெஞ்சு ராணுவ டாக்டர் ஒரு புதுமையைக் கண்டார். காய்ச்சல்காரச் சிப்பாயின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். ரத்த அணுக்களுக்குள் ஏதோ ஒரு சிறிய உயிர் குடியிருந்தது. அதன் உடம்பில் கரும்புள்ளிகள். இதுதான் மலேரியாக் கிருமி என்றார். பலர் நம்பவில்லை.

ராஸும் நம்பவில்லை. இந்தியாவில் எத்தனையோ பேர் ரத்தத்தைப் பார்த்தார். கிருமி அவர் கண்ணுக்குப் படவில்லை. லாவரன் சொன்னது தவறு என்று பத்திரிகையில் எழுதவும் செய்தார்.

1894ஆம் ஆண்டு லீவில் லண்டன் போனார். அங்கே பாட்ரிக் மேன்சன் என்ற டாக்டரைச் சந்தித்தார். மேன்சன் சீனாவில் பல ஆண்டு வேலை பார்த்தவர். யானைக்கால் நோயின் புழு கொசுவின் உடம்பில் வளர்கிறது என்று கண்டவர். அவர் ராஸை அழைத்துப் போய் மைக்ராஸ்கோப்பில் மலேரியாக் கிருமியைக் காட்டினார். ராஸ் பார்த்தார். தம் தவறு புரிந்தது. ஒப்புக்கொண்டார்.

மேன்சன் இன்னொன்றும் சொன்னார். மலேரியாக் கிருமியும் கொசுவின் உடம்பில்தான் வளர வேண்டும் என்பது அவருடைய யூகம். ஆனால் நிரூபணம் இல்லை. நிரூபிக்க வேண்டுமானால் இந்தியா போன்ற நாட்டில்தான் முடியும். அந்த வேலையை ராஸ் ஏற்றுக்கொண்டார்.

கவிஞர் மறைந்தார். வேட்டைக்காரர் பிறந்தார்.

இரண்டு ஆண்டு தோல்வி

1895ஆம் ஆண்டு ராஸ் செகந்தராபாத் வந்து சேர்ந்தார். கையில் சொந்த மைக்ராஸ்கோப். சொந்தப் பணம். சர்க்கார் இந்த வேலைக்காக ஒரு காசும் கொடுக்கவில்லை.

புழுக்களைப் பாட்டிலில் போட்டு வளர்த்தார். அவை கொசுவாகும். காய்ச்சல்காரரைக் கொசுவலைக்குள் படுக்க வைப்பார். கொசுக்களை உள்ளே விடுவார். அவை கடித்து ரத்தம் குடிக்கும். அப்புறம் அந்தக் கொசுக்களைப் பிடித்து ஒவ்வொன்றாக அறுத்துப் பார்ப்பார். கடிக்க விட்டவர்களுக்குக் கூலி உண்டு.

கொசுவை அறுப்பது எளிதா? அரிசியின் நீளம்கூட இல்லாத உடம்பு. அதற்குள் வயிறு. அந்த வயிற்றின் சுவரை அங்குலம் அங்குலமாக அல்ல, அணு அணுவாகத் தேட வேண்டும்.

நூற்றுக்கணக்கான கொசுக்களை அறுத்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. காரணம் என்ன? அவர் அறுத்தவை சாம்பல் நிறக் கொசுக்கள். கோடு போட்ட கொசுக்கள். மனிதனுக்கு வரும் மலேரியாவை அவை சுமப்பதில்லை. கொசுவில் ஜாதி பல உண்டு, அதில் ஒரு ஜாதிதான் குற்றவாளி என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

இன்னொரு தவறான வழியும் இருந்தது. கொசு தண்ணீரில் செத்து விழுகிறது, அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்குக் காய்ச்சல் வருகிறது என்று மேன்சன் எண்ணினார். ராஸ் அதையும் சோதித்தார். கூலிக்கு வந்த சிலருக்கு அப்படிப்பட்ட தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். இன்று எந்த டாக்டரும் இப்படிச் செய்ய முடியாது. சட்டம் விடாது. அன்று ஏழைகளின் உடம்பு அவ்வளவு மலிவாக இருந்தது. அந்தச் சோதனையாலும் பலன் இல்லை.

நடுவில் மாற்றல் உத்தரவு வந்தது. பெங்களூரில் காலரா. அங்கே போய் சுகாதார வேலையைப் பார் என்றார்கள். மலேரியா வேலை நின்றது.

சீகூர் பள்ளத்தாக்கு

1897ஆம் ஆண்டு ராஸுக்கு லீவு கிடைத்தது. ஊட்டிக்குப் போனார். மலை மேலே குளிர்ச்சி. சுகம். ஆனால் அவர் மனம் கீழே இருந்தது. ஊட்டிக்கு வடக்கே மலை இறங்கினால் சீகூர். அந்தக் காலத்தில் அங்கே மலேரியா தாண்டவம் ஆடியது. தோட்டத் தொழிலாளிகள் காய்ச்சலில் துவண்டு கிடந்தார்கள்.

ராஸ் கீழே இறங்கினார். கொசுவலைக்குள்தான் படுத்தார். ஜன்னலைச் சாத்திக்கொண்டார். ஆனாலும் சில நாளில் அவருக்கே குளிர்காய்ச்சல் வந்துவிட்டது. தம் ரத்தத்தைத் தாமே மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அதே கிருமி! கொய்னா சாப்பிட்டுப் பிழைத்தார்.

உடம்பு தேறியதும் திரும்ப இறங்கினார். அங்கே சுவரில் ஒரு புதுக் கொசுவைப் பார்த்தார். இறக்கையில் புள்ளிகள். மற்றக் கொசுக்கள் சுவரோடு சுவராக உட்காரும். இது தலையைத் தாழ்த்தி, வாலைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்கார்ந்தது. ராஸ் அதைக் குறித்துக்கொண்டார். அதன் மதிப்பு அப்போது அவருக்குத் தெரியாது.

அதுதான் அனோபிலிஸ் கொசு. அதுதான் குற்றவாளி.

கடிக்கு ஒரு அணா

ஜூன் மாதம் ராஸ் செகந்தராபாத் திரும்பினார். பேகம்பேட்டையில் இருந்த பட்டாள ஆஸ்பத்திரியில் மறுபடியும் வேலை தொடங்கினார். கடுமையான வெயில். அறை அடுப்பு போல் கொதித்தது. பங்கா இழுக்கச் சொல்ல முடியாது. காற்று அடித்தால் அறுத்து வைத்த கொசு பறந்துவிடும். நெற்றியிலிருந்து வழிந்த வியர்வையில் மைக்ராஸ்கோப்பின் திருகுகள் துருப்பிடித்தன. கண்ணாடி ஒன்றில் விரிசல். கண்ணிலும் காதிலும் சிறு பூச்சிகள் மொய்த்தன.

ஆகஸ்டு மாதம். உதவியாட்கள் எங்கிருந்தோ புழுக்கள் கொண்டுவந்தார்கள். அவை வளர்ந்து கொசுவாயின. இறக்கையில் புள்ளி போட்ட பழுப்பு நிறக் கொசுக்கள்!

உசேன்கான் என்ற நோயாளி ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் ரத்தத்தில் கிருமி நிறைய இருந்தது. ஆகஸ்டு 16ஆம் தேதி அவரைக் கொசுவலைக்குள் படுக்க வைத்தார் ராஸ். புள்ளிக் கொசுக்களை உள்ளே விட்டார். ஒரு கொசுக் கடிக்கு ஒரு அணா கூலி. உசேன்கான் பொறுமையாகக் கடி வாங்கினார். உலகத்துக்கே பயன்படப் போகும் ஒரு காரியத்துக்குத் தம் ரத்தத்தைத் தருகிறோம் என்பது அந்த ஏழைக்குத் தெரிந்திருக்குமா?

ரத்தம் குடித்த கொசுக்களை ராஸ் காப்பாற்றி வைத்தார். சில செத்துவிட்டன. சிலவற்றை அறுத்தார். ஒன்றும் இல்லை. மிச்சம் ஒன்றிரண்டுதான்.

ஆகஸ்டு 20ஆம் தேதி. கொசு கடித்து நாலு நாள் ஆகிவிட்டது. ராஸ் ஒரு கொசுவை எடுத்தார். அறுத்தார். கண் வலிக்க வலிக்கத் தேடினார். உடம்பு முழுவதும் பார்த்தாகிவிட்டது. வயிறு மட்டும் பாக்கி. களைப்பு. போதும் என்று விட்டுவிடலாமா என்று தோன்றியது. ஆனாலும் பார்த்தார்.

வயிற்றுச் சுவரில் ஒரு உருண்டை! அது கொசுவின் உடம்பைச் சேர்ந்தது அல்ல. அதற்குள் கரும்புள்ளிகள்! மனித ரத்தத்தில் மலேரியாக் கிருமிக்குள் தெரியும் அதே கரும்புள்ளிகள்!

மறுநாள் மிச்சமிருந்த கொசுவை அறுத்தார். அதிலும் உருண்டைகள். முந்தின நாள் பார்த்ததைவிடப் பெரியவை. அப்படியானால் அவை வளர்கின்றன. வளர்வதால் அவை உயிருள்ளவை. கிருமி கொசுவின் வயிற்றில் வளர்கிறது!

பல ஆண்டாக மறைந்திருந்த கவிஞர் அன்று மறுபடியும் வெளியே வந்தார். தம் கண்டுபிடிப்பைப் பற்றி ராஸ் ஒரு கவிதை எழுதினார். ஆகஸ்டு 20ஆம் தேதியை இன்றும் உலகம் கொசு தினம் என்று கொண்டாடுகிறது.

குருவிகள் சொன்ன சாட்சி

வேலை பாதிதான் முடிந்தது. கொசுவின் வயிற்றுக்குள் போன கிருமி, மறுபடியும் மனிதன் உடம்புக்குள் எப்படி வருகிறது? அதைக் கண்டுபிடிப்பதற்குள் மறுபடியும் மாற்றல் உத்தரவு! ராஜபுதனத்தில் கேர்வாரா என்ற ஊர். அங்கே மலேரியாவே அதிகம் இல்லை. ராஸ் மனம் உடைந்தார். மேன்சன் லண்டனிலிருந்து பெரிய அதிகாரிகளுக்கு எழுதினார். பல மாதம் கழித்து, 1898ஆம் ஆண்டு பிப்ரவரியில், கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்ய ராஸுக்கு அனுமதி கிடைத்தது.

கல்கத்தாவில் புதிய தடை. அப்போது பிளேக் நோய்ப் பீதி. ஊசி என்றாலே ஜனங்கள் ஓடினார்கள். விரலில் குத்தி ரத்தம் எடுக்க யாரும் கை நீட்டவில்லை.

ராஸ் யோசித்தார். மனிதன் கிடைக்காவிட்டால் என்ன? பறவைக்கும் ஒரு வகை மலேரியா உண்டு. சிட்டுக்குருவிகளையும் வானம்பாடிகளையும் பிடித்து வரச் செய்தார். முகமது பக்ஸ் என்ற உதவியாளர் இரவும் பகலும் கூட இருந்தார். குருவி பிடிப்பார். கொசு வளர்ப்பார். கூண்டுகளைக் காப்பார். இந்தக் கண்டுபிடிப்பில் அவருடைய உழைப்பும் கலந்திருக்கிறது.

நோயுள்ள குருவியைக் கொசு கடித்தது. கொசுவின் வயிற்றில் உருண்டை வளர்ந்தது. பெரிதாகி வெடித்தது. அதிலிருந்து நூல் போன்ற சிறு உயிர்கள் ஆயிரக்கணக்கில் வெளியேறின. எங்கே போகின்றன? ராஸ் பின்தொடர்ந்தார். 1898ஆம் ஆண்டு ஜூலை மாதம் விடை கிடைத்தது. அவை கொசுவின் எச்சில் சுரப்பியில் போய்க் கூடியிருந்தன!

கொசு கடிக்கும்போது முதலில் எச்சிலைத்தான் உள்ளே விடும். அந்த எச்சிலோடு கிருமியும் ரத்தத்தில் இறங்குகிறது. அதே கொசுக்களை ஆரோக்கியமான குருவிகள் மேல் விட்டார். சில நாளில் அந்தக் குருவிகளின் ரத்தத்திலும் கிருமி மொய்த்தது.

கெட்ட காற்று அல்ல. கெட்ட தண்ணீரும் அல்ல. கொசுக்கடிதான்! அதே மாதம் எடின்பரோ நகரில் கூடிய டாக்டர்கள் மாநாட்டில் மேன்சன் இதை அறிவித்தார்.

புகழும் சண்டையும்

மனிதருக்கு வரும் மலேரியாவும் அனோபிலிஸ் கொசுவால்தான் பரவுகிறது என்பதை அதே ஆண்டு இத்தாலியில் கிராஸி முதலிய விஞ்ஞானிகள் முழுவதுமாக நிரூபித்தார்கள். முதலில் கண்டவர் யார் என்று ராஸுக்கும் கிராஸிக்கும் பெரிய சண்டை மூண்டது. ஆயுள் முழுவதும் அந்தச் சண்டை தீரவில்லை. ராஸ் கோபக்காரர். பகையை மறக்கத் தெரியாதவர்.

1902ஆம் ஆண்டு வைத்தியத்துக்கான நோபல் பரிசு ராஸுக்குக் கிடைத்தது. அந்தப் பரிசு ஏற்பட்டு அது இரண்டாவது ஆண்டு. ஒரு காலத்தில் ராஸ் மறுத்த லாவரனுக்கும் 1907ஆம் ஆண்டு அதே பரிசு கிடைத்தது. 1911ஆம் ஆண்டு ராஸ் சர் பட்டம் பெற்றார்.

பரிசு வாங்கிவிட்டு அவர் சும்மா உட்காரவில்லை. மேற்கு ஆப்பிரிக்கா, எகிப்து, மொரீஷியஸ் என்று பல நாடுகளுக்குப் போனார். குட்டையை மூடச் சொன்னார். தேங்கிய தண்ணீரை வடிக்கச் சொன்னார். சிறு வயதில் உயிராய் இருந்த கணக்கு இப்போது கை கொடுத்தது. கொசுவை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை, ஓர் அளவுக்குக் கீழே குறைத்தாலே மலேரியா தானாக மறையும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். இன்றும் தொற்றுநோய்க் கணக்குப் போடும் விஞ்ஞானிகள் அவர் வழியில்தான் நடக்கிறார்கள்.

வீட்டில் துக்கமும் வந்தது. 1914ஆம் ஆண்டு முதல் உலக யுத்தத்தில் அவருடைய மகன் போர்க்களத்தில் இறந்தார். வயதான காலத்தில் பணக்கஷ்டம். தம் ஆராய்ச்சிக் காகிதங்களை 1928ஆம் ஆண்டு விலைக்கு விற்றார். அதற்கு முந்தின ஆண்டு கல்கத்தாவில் அவர் ஆராய்ச்சி செய்த ஆஸ்பத்திரியில் அவருக்கு ஒரு நினைவு வாசல் கட்டினார்கள். திறப்பு விழாவுக்கு அவரே வந்திருந்தார். 1932ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் தேதி, லண்டனில், தம் பெயரால் அமைந்த வைத்திய நிலையத்தில் ராஸ் காலமானார்.

சாத்தனூருக்கு வந்த காய்ச்சல்

ராஸ் கண்டுபிடித்த உண்மையை வைத்துக்கொண்டு உலகம் கொசுவோடு போர் தொடுத்தது. சுதந்திர இந்தியாவும் தொடுத்தது. அப்போது நம் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 7½ கோடிப் பேருக்கு மலேரியா. சுமார் 8 லட்சம் பேர் சாவு. 1953ஆம் ஆண்டு தேசிய மலேரியாத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. வீடு வீடாக டி.டி.டி. மருந்து அடித்தார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டில் நோய் சுமார் ஒரு லட்சம் பேராகக் குறைந்தது. மலேரியா ஒழிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஒழியவில்லை! கொசுக்கள் மருந்துக்குப் பழகிக்கொண்டன. மனிதர்கள் அசந்துவிட்டார்கள். 1976ஆம் ஆண்டு 64 லட்சம் பேருக்கு மேல் மலேரியா கண்டது.

திருவண்ணாமலைப் பக்கமும் அது தப்பவில்லை. தென்பெண்ணை ஆற்றில் சாத்தனூர் அணை 1958ஆம் ஆண்டு கட்டி முடிந்தது. வயல் செழித்தது. 1970களில் அந்த அணையைச் சுற்றிய ஊர்களில் மலேரியா மறுபடியும் தலைகாட்டியது. அணை செய்த குற்றம் அல்ல. ஆற்றுப் பள்ளங்களிலும் வாய்க்கால் ஓரங்களிலும் தேங்கும் தெளிந்த தண்ணீர் அனோபிலிஸ் கொசுவுக்குப் பிரியமானது. தண்ணீர் வந்த இடத்தில் கண்காணிப்பும் கூடவே வர வேண்டும். அது தளர்ந்தால் காய்ச்சல் நுழைந்துவிடும்.

மைக்ராஸ்கோப்பும் அட்டையும்

இங்கேதான் அந்த ஒரு சொட்டு ரத்தத்தின் முக்கியம் தெரிகிறது.

லாவரனும் ராஸும் செய்தது போலவே, கண்ணாடித் துண்டில் ரத்தம் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் மலேரியாவைக் கண்டுபிடிக்கும் பழைய வழி. நல்ல வழி. இன்றும் நம்பிக்கையான வழி. ஆனால் அதற்குக் கருவி வேண்டும். பழகிய கண் வேண்டும். காட்டு ஊரிலும் மலை ஊரிலும் இரண்டும் கிடைப்பதில்லை. கண்ணாடித் துண்டு டவுனுக்குப் போய் முடிவு வருவதற்குள் நாட்கள் ஓடிவிடும். மூளையைத் தாக்கும் பால்சிபாரம் என்ற வகை மலேரியாவாக இருந்தால் அதற்குள் உயிரே போய்விடலாம்.

அதனால் பல காலம் ஒரு குறுக்கு வழி நடந்தது. காய்ச்சல் என்று யார் வந்தாலும் மலேரியா மாத்திரை கொடுத்தார்கள். இதனால் இரண்டு கெடுதல். டைபாய்டு போன்ற வேறு காய்ச்சல் வந்தவருக்குச் சரியான சிகிச்சை தாமதமானது. வேண்டாதவரும் மாத்திரை தின்றதால் கிருமி மருந்துக்குப் பழகியது.

1990களில் புதிய அட்டைகள் வந்தன. மலேரியாக் கிருமி ரத்தத்தில் சில புரதப் பொருள்களை விடுகிறது. அட்டையில் தடவியுள்ள மருந்து அந்தப் பொருளைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த இடத்தில் கோடு தெரியும். பால்சிபாரத்துக்கு ஒரு கோடு. வைவாக்ஸ் என்ற மற்ற வகைக்கு ஒரு கோடு. அட்டை கெடாமல் இருக்கிறது என்று காட்ட இன்னொரு கோடு. அந்தக் கடைசிக் கோடு தெரியாவிட்டால் அட்டை செல்லாது. வேறு அட்டையில் பார்க்க வேண்டும்.

மின்சாரம் வேண்டாம். மைக்ராஸ்கோப் வேண்டாம். பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண் ஒருவரே பார்த்துவிடலாம். ஒடிசா, சத்தீஸ்கர் காட்டுக் கிராமங்களில் ஆஷா என்ற சுகாதாரப் பெண்கள் குடிசை வாசலிலேயே இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். மலேரியா என்று சந்தேகம் வந்தால் முதலில் சோதனை, பிறகே மருந்து என்று 2010ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் அறிவுரை சொன்னது.

அட்டைக்கும் குறைகள் உண்டு. கிருமி மிகக் குறைவாக இருந்தால் கோடு தெரியாமல் போகலாம். குணமான பிறகும் சில வாரம் கோடு தெரியலாம். சில நாடுகளில் அட்டை பிடிக்கும் புரதமே இல்லாத கிருமிகள் கிளம்பியிருக்கின்றன. ஆகையால் மைக்ராஸ்கோப்புக்கு இன்னும் ஓய்வு இல்லை. அட்டையில் இல்லை என்று வந்தும் காய்ச்சல் விடாவிட்டால் மறுபடியும் ரத்தம் பார்க்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

2023ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 26 கோடிப் பேருக்கு மலேரியா வந்தது. சுமார் 6 லட்சம் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் சிறு குழந்தைகள். 2030ஆம் ஆண்டுக்குள் மலேரியாவை ஒழிப்பது என்று இந்தியா முடிவு செய்திருக்கிறது. நோய் குறையக் குறைய விழிப்பு கூட வேண்டும். கடைசிப் பொறி அணையாமல் இருந்தால் மறுபடியும் நெருப்புப் பற்றும். 1976ஆம் ஆண்டு சொன்ன பாடம் அதுதான்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தம் பார்க்க வேண்டும். வெளியூர் போய் வந்திருந்தால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். வைவாக்ஸ் வகைக் கிருமி ஈரலில் பதுங்கிக்கொள்ளும். பல மாதம் கழித்தும் வெளியே வரும். அதனால் டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். காய்ச்சல் விட்டதே என்று பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும்.

திருவண்ணாமலை தீபத்துக்கு வந்து நடுங்கிய அந்த மனிதர் விரலை நீட்டுகிறார். ஒரு சொட்டு ரத்தம். சில நிமிடத்தில் கோடு தெரிகிறது. மருந்து தொடங்குகிறது. அவர் பிழைக்கிறார். அவரை இனிக் கடிக்கும் கொசு அவரிடமிருந்து அடுத்தவருக்குக் கிருமியைக் கொண்டுபோவதும் நிற்கிறது. அந்தக் கோட்டுக்குப் பின்னால் செகந்தராபாத்தில் வழிந்த வியர்வை இருக்கிறது. ஒரு அணாவுக்குக் கடி வாங்கிய உசேன்கானின் ரத்தமும் இருக்கிறது.

ராஸ் பெங்களூரில் தொட்டியைக் கவிழ்த்தது 1883ஆம் ஆண்டு. கொசுவின் வயிற்றில் விடையைக் கண்டது 1897ஆம் ஆண்டு. நடுவில் 14 ஆண்டு. அந்த விடை முழுவதும் கிடைத்த பிறகு அவர் ஊர் ஊராகப் போய் ஜனங்களுக்குச் சொன்னது என்ன? தொட்டியைக் கவிழுங்கள் என்பதுதான்!

நம் வீட்டு மொட்டை மாடியிலும் ஒரு தொட்டி இருக்கிறது. கொல்லையில் ஒரு கிணறு இருக்கிறது. நகரத்து மலேரியாக் கொசு அங்கேதான் முட்டையிடும். தொட்டிக்கு மூடி இருக்கிறதா? கிணற்றுக்கு வலை இருக்கிறதா? இன்று மாலையே ஏறிப் பார்த்துவிடலாம்.